கலைச்சொல்: பிட்வீன்னெஸ் சென்ட்ராலிட்டிக்கு என்ன சொல்லலாம்?

வணக்கம்.

தொல்லியல் மாணவர்களுக்கான வலைப்பின்னல் ஆய்வுக் கையேட்டுக்கு, புள்ளியைக் குறிக்கக் ‘கணு’, இரு புள்ளிகளைச் சேர்க்கும் கோட்டைக் குறிக்க ‘இணைப்பு’ இரண்டும் முடிவாகிவிட்டன. (மண உறவைத் ‘தொடுப்பு’ என்று எழுதினால் வகுப்பே சிரிக்கும்.) மற்ற கணுக்களுக்கு இடையிலான வழிகளில் ஒரு கணு எவ்வளவு குறுக்கே வருகிறது என்று அளக்கும் பிட்வீன்னெஸ் சென்ட்ராலிட்டிதான் இழுத்துக்கொண்டே போகிறது. இப்போதைக்கு ‘இடைநிலை மையத்தன்மை’ என்று போட்டிருக்கிறேன்.

– கு.

———

ஐயா,

இரண்டு பாதியும் இடிக்கிறது. புள்ளியியலில் ‘இடைநிலை’ மீடியனுக்குப் போய்விட்டது. ‘மையம்’ என்றதும் மாணவர் படத்தின் நடுவில் நிற்கும் கணுவைத் தேடுவார். வலைப்பின்னலைப் படமாக வரையும் கெபி மென்பொருளில் வேறு தளக்கோலம் (கணுக்களை அடுக்கும் முறை) போட்டால் நடுவில் வேறு கணு வந்து நிற்கும், அளவு மாறாது.

எதை எண்ணுகிறோம் என்று பார்த்துப் பெயர் வைப்போம். பாட்ஜெட்டும் ஆன்செல்லும் 1993இல் ஆராய்ந்த 15ஆம் நூற்றாண்டு ஃபுளோரன்ஸ் மண உறவுகள் நெட்வொர்க்எக்ஸ் என்ற பைத்தான் நிரல்தொகுப்பில் கூடவே வருகின்றன: 15 குடும்பங்கள், 20 இணைப்புகள். ஸ்ட்ரோட்ஸிக்கு 4 இணைப்புகள், சால்வியாத்திக்கு 2தான். ஆனால் பாட்ஸிக்குச் சால்வியாத்தியை விட்டால் வேறு சம்பந்தி இல்லை. மற்ற 13 குடும்பங்களில் எதை எட்டவும் சால்வியாத்தி வாசலைத் தாண்டியாக வேண்டும். சால்வியாத்தி நீங்கலான 14 குடும்பங்களில் 91 சோடிகள். அவற்றில் 13 சோடிகளின் வழி சால்வியாத்தியைக் கடக்கிறது: 13/91 = 0.143. நாலு இணைப்புள்ள ஸ்ட்ரோட்ஸிக்கு 0.103தான்! மெடிச்சிக்கு 0.522.

மிகக் குறுகிய வழிகளில் இடைப்படுவதுதான் விஷயம். ‘இடைப்பாடு’?

– செ.

———

‘இடைப்பாடு’ என்று தேடினால் சேலம் மாவட்டத்து ஊர்தான் வந்து நிற்கும். ‘இடைமை’ போதும். டிகிரிக்கு ‘இணைப்பெண்’, க்ளோஸ்னெஸுக்கு (மற்ற கணுக்களுக்கு எவ்வளவு கிட்டம் என்ற அளவு) ‘அண்மை’, இதற்கு ‘இடைமை’. ‘தரகுமை’ என்று மட்டும் யாரும் கிளம்ப வேண்டாம். மண உறவில் அது பொருந்தலாம். பானையோடுகளில் பொருந்தாது; அங்கே இணைப்பு நாம் கணக்கிட்டு உண்டாக்குவது.

இரண்டு இடங்களின் ஓட்டு வகைகள் எந்த அளவு ஒத்துப்போகின்றன என்று அளக்கும் பிரெய்னர்ட்–ராபின்சன் ஒப்புமையைப் பாருங்கள். ஓர் அகழ்விடத்தில் மூன்று வகை ஓடுகள் 60, 30, 10 சதவீதம்; இன்னொன்றில் 40, 40, 20. வேறுபாடுகள் 20+10+10 = 40. 200இலிருந்து கழித்தால் ஒப்புமை 160. இப்படி ஒத்திருப்பதால் சரக்கு ஓர் ஊர் வழியாக இன்னோர் ஊருக்குப் போனது என்று ஆகிவிடாது.

கையேட்டில் கட்டாயம் வர வேண்டிய எச்சரிக்கை: நெட்வொர்க்எக்ஸின் இடைமைக் கணக்கு, இணைப்புக்கு நாம் கொடுக்கும் எடையைத் தொலைவாக எடுத்துக்கொள்ளும். 160ஐ அப்படியே கொடுத்தால், மிகவும் ஒத்த இடங்கள் மிகத் தொலைவில் போய்விடும், பிழைச்செய்தியும் வராது. 200இலிருந்து கழித்து 40ஐக் கொடுங்கள். ஒப்புமை எவ்வளவு இருந்தால் இணைப்பு என்று கொள்ளும் வெட்டெல்லையை 120, 140, 160 என மாற்றி மாற்றி ஓட்டுங்கள். பத்தில் ஓர் அகழ்விடத்தைத் தற்போக்காக நீக்கியும் பலமுறை ஓட்டுங்கள். இடைமையில் முதலிடம் கைமாறிக்கொண்டே இருந்தால் அந்த இடத்தை வைத்து வரலாறு எழுதக் கூடாது. ஓடுகள் மிகக் குறைவாகக் கிடைத்த இடங்கள்தான் பெரும்பாலும் ஆட்டம் காட்டும்.

– மா.

———

அம்மா, ‘இடைமை’யை எடுத்துக்கொள்கிறேன். மெடிச்சிக்கு வகுப்பதற்கு முன் கிடைக்கும் 47.5 ‘இடைமை எண்’. அதை 91ஆல் வகுத்த 0.522 ‘இடைமை விகிதம்’. நெட்வொர்க்எக்ஸ் தானாகவே விகிதத்தைத் தரும், கெபியில் அதற்குத் தனித் தேர்வுப்பெட்டி. இணைப்புகளுக்கே கணக்கிடும்போது ‘இணைப்பிடைமை’. கிர்வன்–நியூமன் முறை அது அதிகமுள்ள இணைப்பை ஒவ்வொன்றாக வெட்டித்தான் குழுக்களைப் பிரிக்கிறது. ஒவ்வொரு வெட்டுக்கும் பிறகு மறுபடி கணக்கிட வேண்டும் என்பதையும் அங்கேயே சேர்த்துவிடுகிறேன்.

– கு.