கொள்முதல் நிலைய வரிசையும் இ.ஜி.ஆர். கரியும்

வெண்ணாற்றங்கரை:
என்னுடையது பி.எஸ்.4 மாசு விதிப்படி வந்த டீசல் பிக்கப். சம்பா அறுவடையில் வயலிலிருந்து கொள்முதல் நிலையத்துக்கு நெல் மூட்டை அடிப்பேன். ஒரு நடை நாலைந்து கிலோமீட்டர்தான். மீதி நேரமெல்லாம் வரிசையிலும் நீடாமங்கலம் ரயில்வே கேட்டிலும் நிற்பதுதான். என்ஜினை அணைக்கிற பழக்கம் கிடையாது.

போன அறுவடையில் திடீரென்று இழுவை போயிற்று. பாலம் ஏறினால் பின்னால் வருகிறவர் முகத்தில் கறுப்புப் புகை. ஃபில்டர்கள் மாற்றியும் பயனில்லை. "இ.ஜி.ஆரைத் தகடு வச்சு அடைச்சிடலாம்ணே" என்றார் ஊர்ப் பட்டறைத் தம்பி. இ.ஜி.ஆர். என்றால் புகை மறுசுழற்சி வால்வு. நானும் சரி என்றிருப்பேன். நல்லவேளை, தஞ்சாவூரில் ஒரு மூத்த மெக்கானிக்கிடம் காட்டினேன்.

அவர் சொன்னது இது. சைலன்சருக்குப் போகும் புகையில் ஒரு பங்கை இந்த வால்வு திரும்ப என்ஜினுக்குள் விடுகிறது. அதில் ஆக்சிஜன் குறைவு என்பதால் எரியும்போது உச்ச வெப்பம் தணிகிறது. நைட்ரஜன் ஆக்சைடுகள் குறைவாக உண்டாகின்றன. முழுச் சுமையில் வால்வு மூடிக்கொள்ள வேண்டும். என்னுடையதோ கரி பிடித்துத் திறந்தே கிடந்தது. அப்புறம் காற்று எங்கே போதும்?

கழற்றிப் பார்த்தேன். புகைக்கரியும் எண்ணெய் ஆவியும் சேர்ந்து, வருடக்கணக்கில் துலக்காத பணியாரச் சட்டி போல அடையடையாக இருந்தது. கிளீனர் அடித்து ஊறவைத்து பிரஷால் தேய்த்தார். வால்வை இயக்கும் மின்மோட்டார் பக்கம் ஒரு சொட்டு படவிடவில்லை. என்ஜினுக்குள் காற்று போகும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டையும் சுரண்டினார். புது கேஸ்கெட் போட்டு, ஸ்கேனரில் வால்வின் மூடும் நிலையைப் பதியவைத்தார். பாதி நாள் வேலை.

குடந்தைக்காரன்:
எனக்கு வால்வு நன்றாகத்தான் இருந்தது, திரும்ப வரும் புகையைக் கூலன்ட்டால் குளிர்விக்கும் இ.ஜி.ஆர். கூலர்தான் காலை வாரியது. வாரம் ஒருமுறை கூலன்ட் குறையும். தரையில் ஒரு சொட்டு ஈரம் இருக்காது. காலையில் ஸ்டார்ட் செய்தால் வெள்ளைப் புகை. ஹெட் கேஸ்கெட் போய்விட்டது, ஹெட்டை இறக்க வேண்டும் என்று பயமுறுத்தினார்கள். கூலரைத் தனியாகக் கழற்றி, தண்ணீரில் முக்கிக் காற்றழுத்தம் கொடுத்ததும் குமிழி வந்தது; கசிவு அங்கேதான். ஹெட்டை இறக்கச் சொல்வதற்கு முன் இதைப் பார்த்திருக்கலாம்.

வெண்ணாற்றங்கரை:
அடடா, அந்தக் கூலரை நான் சோதிக்கவே இல்லை. அடுத்த முறை பார்த்துவிடுகிறேன். இப்போது கேட் போட்டால் என்ஜினை அணைத்துவிடுகிறேன். வாரத்தில் ஒரு நாள் திருச்சி சாலையில் கொஞ்சம் விரட்டி ஓட்டுகிறேன். என்ஜின் நன்றாகச் சூடானால் கரி அவ்வளவு சீக்கிரம் சேராதாம்.