ஓய்விலும் பயிற்சியிலும் உடல் ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றல் பெறுவது எப்படி?

கேள்வி:
வணக்கம். ஓட்டம், நீச்சல் போன்றவற்றை ஏரோபிக் (ஆக்சிஜனைப் பயன்படுத்தும்) பயிற்சிகள் என்று வகைப்படுத்துவதைப் பார்த்தால், ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றல் உண்டாக்கும் வழி பயிற்சியின்போதுதான் இயங்கத் தொடங்குகிறது என்று தோன்றுகிறது. ஆனால் நான் படிக்கும் பாடமோ, ஓய்வில் ஏறத்தாழ முழு ஆற்றலும் அதே வழியில்தான் கிடைக்கிறது என்றும், பயிற்சியின் தொடக்கத்தில்தான் பிற வழிகளின் துணை தேவைப்படுகிறது என்றும் சொல்கிறது. இவ்விரண்டையும் எப்படிப் பொருத்திப் பார்ப்பது? ஓய்வில் மூச்சை ஆழமாக இழுத்துவிட்டால் கூடுதல் ஆற்றல் உண்டாகுமா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

முதல் பதில்:
பாடம் சொல்வது சரியே. 70 கிலோ எடையுள்ள ஒருவர் அசையாமல் படுத்திருக்கும்போதும் நிமிடத்துக்கு ஏறத்தாழ 250 மில்லிலிட்டர் ஆக்சிஜனைச் செலவிடுகிறார். மூளையும் கல்லீரலும் இதயமும் சிறுநீரகங்களும் ஓய்வெடுப்பதில்லை அல்லவா? செல்லில் ஆற்றல் உண்டாக்கும் நுண்ணுறுப்பான மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில், உணவுப் பொருளிலிருந்து பிரிக்கப்பட்ட எலக்ட்ரான்கள் ஒரு புரதத் தொடரின் வழியே கைமாறிச் செல்லும்போது புரோட்டான்கள் சவ்வின் மறுபுறத்துக்கு இறைக்கப்படுகின்றன. அவை திரும்பிப் பாயும் விசையைக் கொண்டே, செல்கள் ஆற்றலுக்காகச் செலவிடும் மூலக்கூறான ஏடிபி (அடினோசின் டிரைபாஸ்பேட்) உருவாகிறது. இந்த விளக்கத்துக்காகத்தான் பீட்டர் மிட்செல் 1978இல் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பெற்றார். தொடரின் முடிவில் எலக்ட்ரான்களை ஏற்று நீராக மாறுவதே ஆக்சிஜனின் பணி.

இதன் வேகத்தைத் தீர்மானிப்பது மூச்சு அன்று, செலவு. ஏடிபி செலவாகும்போது ஒரு பாஸ்பேட்டை இழந்து அடினோசின் டைபாஸ்பேட்டாக மாறுகிறது. அது மிகுந்தால் மைட்டோகாண்ட்ரியா வேகமெடுக்கும், குறைந்தால் தணியும். ஓய்வில் தமனி இரத்தத்தின் ஹீமோகுளோபின் ஏற்கெனவே 97 விழுக்காடு அளவுக்கு நிறைந்திருக்கிறது. லிட்டருக்கு ஏறத்தாழ 200 மில்லிலிட்டர் ஆக்சிஜனைச் சுமந்து செல்லும் இரத்தம், அதில் 150 மில்லிலிட்டரைச் செலவாகாமலே திருப்பிக் கொண்டுவருகிறது. ஆகவே வலிந்து மூச்சிழுப்பதால் கார்பன் டை ஆக்சைடு குறைந்து தலை சுற்றுமே தவிர, ஆற்றல் கூடாது.

இரண்டாம் பதில்:
பயிற்சியின் தொடக்கத்தைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன். தசை சுருங்கத் தொடங்கிய கணத்திலேயே ஏடிபியின் தேவை பன்மடங்காகிறது. இதயத்துடிப்பும் இரத்த ஓட்டமும் மைட்டோகாண்ட்ரியாவின் வேகமும் அந்த அளவுக்கு உயர்வதற்கோ, மிதமான பயிற்சியில்கூட இரண்டு மூன்று நிமிடங்கள் ஆகின்றன. இடைப்பட்ட பற்றாக்குறையை, தசையில் இருப்பாக உள்ள கிரியாட்டின் பாஸ்பேட் என்ற ஆற்றல் சேர்மமும், குளுக்கோஸைப் பைருவேட்டாகச் சிதைக்கும் கிளைக்காலிசிஸும் ஈடுசெய்கின்றன. அதன் பிறகு ஆக்சிஜன் பயன்பாடு ஒரு நிலையான மட்டத்தை அடைகிறது. பயிற்சி முடிந்த பின்னும் சிறிது நேரம் மூச்சு வாங்குவதற்கு, செலவான கிரியாட்டின் பாஸ்பேட்டை மீண்டும் நிரப்புவதும் ஒரு காரணம்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. ஒரு மூலக்கூறு கொழுப்பு அமிலம் குளுக்கோஸைவிட மிக அதிகமான ஏடிபியைத் தருகிறது என்றால், கடும் பயிற்சியில் உடல் ஏன் மாவுச்சத்தின் பக்கம் சாய்கிறது?

மூன்றாம் பதில்:
மூலக்கூற்றுக்கு எவ்வளவு என்று கணக்கிடாமல், ஆக்சிஜனுக்கு எவ்வளவு என்று கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு குளுக்கோஸ் 6 ஆக்சிஜன் மூலக்கூறுகளைக் கொண்டு 30 முதல் 32 ஏடிபி வரை தருகிறது. பால்மிட்டிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் 106 ஏடிபி தந்தாலும் அதற்கு 23 ஆக்சிஜன் மூலக்கூறுகள் வேண்டும். முன்னதில் ஓர் ஆக்சிஜனுக்கு ஐந்துக்குக் குறையாமல் கிடைக்கிறது. பின்னதில் சுமார் 4.6தான். ஓய்வில் ஆக்சிஜனுக்குப் பஞ்சமில்லாததால் கொழுப்பே பெரும்பங்கு எரிகிறது. இதயம் நிமிடத்துக்கு 20 லிட்டருக்கு மேல் இரத்தத்தை இறைக்கும் கடும் பயிற்சியில் இந்தச் சிறு வேறுபாடும் பயன் தருகிறது. எனினும் இதைவிட முக்கியமானது வேகம் என்பது என் கருத்து: கொழுப்பு அமிலம் கொழுப்புத் திசுவிலிருந்து பிரிந்து, இரத்தத்தின் வழியே வந்து, மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நுழைய வேண்டும், சேமித்து வைக்கப்பட்ட மாவுச்சத்தான கிளைக்கோஜனோ தசைக்குள்ளேயே காத்திருக்கிறது.

மேலே கிளைக்காலிசிஸ் பற்றிச் சொன்னதோடும் ஒன்றைச் சேர்க்க வேண்டும். அதன் வழி உருவாகும் லாக்டேட்டைக் கழிவு என்று கருதிவிட வேண்டாம். இதயத் தசையும் மெதுவாகச் சுருங்கும் தசை நார்களும் அதை மீண்டும் பைருவேட்டாக்கி, ஆக்சிஜனைக் கொண்டே எரித்து ஆற்றல் பெறுகின்றன.