ஸ்ட்ரெச் சீலிங்கில் தண்ணீர் இறங்கிவிட்டது, உதவி தேவை

சென்னை வேளச்சேரி, அபார்ட்மென்ட் ஹால். கூரைக்குக் கீழே இழுத்து மாட்டும் பளபளப்பான வெள்ளை பிவிசி (பிளாஸ்டிக்) ஷீட், சுவரோர அலுமினிய ப்ரொஃபைலில் (சட்டத்தில்) கொக்கி விளிம்பு மாட்டும் வகை. போட்டு இரண்டு வருடம் ஆகிறது. போன மாதம் மேல்வீட்டு பாத்ரூம் கசிந்து, ஷீட் தொந்தி போல இறங்கிவிட்டது. கிழியவில்லை, அதுவே பெரிய விஷயம். மெயினை அணைத்து, லைட்டைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக வாளியில் வடித்தோம். கசிவையும் அடைத்தாயிற்று.

ஷீட் ஏறிவிட்டது. ஆனால் லைட் வளையத்தைச் சுற்றிச் சுருக்கம், விளக்குப் போட்டால் பழுப்புக் கறை. சோப்புத் தண்ணீரில் துடைத்தேன். கறை உள்பக்கம், போகவில்லை. சுருக்கத்தை எடுக்க ஹேர் டிரையர் சூடு போதவில்லை. ஹீட் கன் (அதிகச் சூட்டில் காற்று ஊதும் கருவி) ஒரே இடத்தில் நின்றால் ஷீட் உருகிவிடும் என்று தொடவில்லை. போட்டுக்கொடுத்தவர் போன் எடுப்பதில்லை.

இதே ஷீட்டைக் கழற்றி, உள்பக்கம் துடைத்து, சூடாக்கி மறுபடி மாட்ட முடியுமா, இல்லை புது ஷீட்தான் போட வேண்டுமா?