ஆட்டோமேட்டிக் கியர் ஆயில் வீட்லயே மாத்துனேன், இப்ப வண்டி உதறுது, உதவி பண்ணுங்க

வெள்ளை சிட்டி:
எல்லாருக்கும் வணக்கங்க. வண்டி ஹோண்டா சிட்டி 2011, பெட்ரோல், 5 ஸ்பீடு ஆட்டோமேட்டிக், 82,000 கிமீ ஓடிருக்கு, வாங்குனதுல இருந்து கியர் ஆயில் மாத்துனதா பில்லு எதுவுமே இல்ல. சரி நாமளே மாத்திடலாம்னு ஞாயித்துக்கெழம வீடியோ பாத்து எறங்கிட்டேன். அடில ஆயில் எறக்குற ட்ரெயின் போல்ட்ட கழட்டுனா காப்பி டிகாஷன் மாதிரி கருப்பா வந்துச்சு, பழைய பெயிண்ட் டப்பால புடிச்சேன், அளக்கல. அதே வாஷரயே திருப்பி போட்டு மூடி, டிப்ஸ்டிக் (ஆயில் மட்டம் பாக்குற குச்சி) ஓட்டைல புனல் வெச்சு ஹோண்டாவோட புது டிடபிள்யூ-1 கியர் ஆயில் 3 லிட்டர் ஊத்தி, எஞ்சின ஓட விட்டு டிப்ஸ்டிக் பாத்தா இன்னும் கம்மியா காட்டுச்சு, அதனால நாலாவது டப்பாவ உடைச்சு மேல் கோடு வர்ற வரைக்கும் ஊத்துனேன். மொத ரெண்டு கிமீ அருமையா போச்சு. அப்புறம் சூடாக சூடாக ரெண்டாவதுல இருந்து மூணாவது மாறுறப்ப ஒரு உதறல், லேசா ஊய்ங்னு சத்தம் வேற. டிப்ஸ்டிக்ல இப்ப ஆயில் நுரையா இருக்கு. கியர் பாக்ஸ் போயிருச்சாங்க? வீட்ல வேற யாருகிட்டயும் சொல்லல.

ஈரோட்டுக்காரன்:
ப்ரோ பழைய ஆயில மாத்தவே கூடாது, அதுல இருக்குற தூள்தான் கிளட்ச புடிச்சிட்டு இருக்கும், மாத்துனா ஸ்லிப் ஆகும்னு எங்க மாமா சொல்வாரு.

வெள்ளை சிட்டி:
ஐயோ இத முன்னாடியே சொல்லிருக்கலாமே ப்ரோ 😭

பழைய கிரீஸ்:
தம்பி பயப்படாதீங்க, மாமா சொன்னத இப்போதைக்கு ஓரமா வெய்ங்க. கிளட்ச் ஏற்கனவே தேஞ்சு போன வண்டில ஆயில் மாத்துன பின்னாடி ஸ்லிப் ஆகும், பழி ஆயில் மேல விழும், அதுல வந்த பேச்சு அது. உங்க கத அது இல்ல. நுரைனு ஒரு வார்த்த சொன்னீங்க பாருங்க, அதுலயே விஷயம் இருக்கு, ஆயில் ஜாஸ்தியாயிருச்சு. ரெண்டு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்க. மீட்டர்ல டி லைட் பிளிங்க் ஆகுதா, அதாவது கியர் பாக்ஸ்ல கோளாறுனு காட்டுதா? ட்ரெயின் போல்ட் நுனில காந்தம் இருக்கும், அதுல என்ன ஒட்டியிருந்துச்சு?

வெள்ளை சிட்டி:
டி லைட் சும்மா எரியுதுங்கண்ணா, பிளிங்க் இல்ல. காந்தத்துல சாம்பல் கலர்ல மை மாதிரி ஒரு பசை, துணில துடைச்சிட்டேன். தூக்கலா ஒண்ணும் இல்ல.

பழைய கிரீஸ்:
அப்ப நிம்மதியா தூங்குங்க. பசை எல்லா வண்டிலயும் வரும், பிசிறு பிசிறா இரும்புத் துண்டு வந்திருந்தாதான் நான் வேற மாதிரி பேசிருப்பேன்.

தப்பு எங்கனா, நீங்க பாத்த வீடியோ வேற கம்பெனி வண்டியோடது. நெறைய வண்டில எஞ்சின் ஓடுறப்பதான் டிப்ஸ்டிக் பாக்கணும், ஆனா ஹோண்டால அணைச்சிட்டு பாக்கணும். வண்டிய நல்லா ஓட்டி ரேடியேட்டர் ஃபேன் சுத்துற அளவு சூடாக்கி, சமதரைல நிறுத்தி, ஆஃப் பண்ணி, 60ல இருந்து 90 செகண்டுக்குள்ள டிப்ஸ்டிக்க எடுத்து துடைச்சு திருப்பி விட்டு பாக்கணும். எஞ்சின் ஓடுறப்ப பம்ப் ஆயில உறிஞ்சி மேல அனுப்பிட்டே இருக்கும், அதனால கீழ கம்மியா தெரியும், நீங்க அத நம்பி ஊத்திட்டீங்க. மட்டம் மேல ஏறுனதும் சுத்துற கியர் பல்சக்கரம் ஆயில்ல முங்கி மோர் கடையிற மாதிரி கடைஞ்சு காத்த கலந்துரும். காத்த அமுக்குனா அமுங்கும்ல, அப்புறம் கிளட்ச புடிக்கிற பிரஷர் எப்படி சரியா நிக்கும், அதான் உதறல். இதுக்கு மேல ஓட்டாதீங்க.

வெள்ளை சிட்டி:
சிரிஞ்ச் போட்டு டிப்ஸ்டிக் ஓட்டை வழியா கொஞ்சம் உறிஞ்சிடவாங்கண்ணா?

பழைய கிரீஸ்:
உறிஞ்சலாம், ஆனா பழைய வாஷர் போட்டிருக்கேன்னீங்கல்ல, அது ஒரு தடவ நசுங்கி உக்காந்துருச்சுனா அவ்ளோதான், திருப்பி போட்டா கசிய வாய்ப்பிருக்கு. அதனால மொத்தமா எறக்கிடுங்க, நஷ்டம் இல்ல. ஒரு தடவ எறக்குனா சுமார் 2.5 லிட்டர்தான் வரும், மிச்சம் டார்க் கன்வெர்ட்டர் (எஞ்சின் சுத்துறத ஆயில் வழியா கியர் பாக்ஸுக்கு கடத்துற பாகம்) மாதிரி எடங்கள்ல உள்ளயே தங்கிரும். ஒரு தடவைக்கு பாதிக்கும் கொஞ்சம் கம்மியா மாறுதுனு வெச்சா ரெண்டாவது தடவ முடியறப்ப நூத்துக்கு ஏறக்குறைய 70 பங்கு புதுசாயிரும், மூணாவதுல 80 தாண்டிரும். நீங்க எப்படியும் ரெண்டாவது ரவுண்டு போக வேண்டியதுதான், இப்பவே போயிட்டதா நெனச்சுக்கங்க. புது வாஷர் போட்டு, அளந்து 2.4 ஊத்திட்டு, நான் சொன்ன மாதிரி பாத்து மிச்சத்த கொஞ்சம் கொஞ்சமா விடுங்க. போல்ட்ட முறுக்குற அளவு 49 நியூட்டன் மீட்டர்தான், உடம்பு பலத்த காட்டாதீங்க, வெளி ஓடு அலுமினியம். வண்டிக்கு அடில போறப்ப ஜாக் ஸ்டாண்டு வெய்ங்க, ஹாலோ பிளாக் வேண்டவே வேண்டாம், திடீர்னு நொறுங்கிரும்.

சில்வர் ஜாஸ்:
நடுவுல பூர்றேன் மன்னிக்கணும், என்னுது 2018 சிட்டி ஆட்டோமேட்டிக், நானும் டிடபிள்யூ-1 வாங்கி வெச்சிருக்கேன், இதே முறைதானே?

பழைய கிரீஸ்:
நிறுத்துங்க! உங்களுது சிவிடி, அதாவது தனித்தனி கியருக்கு பதிலா பெல்ட்டுல ஓடுற ஆட்டோமேட்டிக், அதுக்கு ஹோண்டாவோட எச்சிஎஃப்-2 ஆயில்தான். டப்பாவ பிரிக்கலனா கடைல குடுத்து மாத்திக்கங்க.

வெள்ளை சிட்டி:
அண்ணா முடிஞ்சுது. ராத்திரி பூரா நிறுத்தி நுரை அடங்க விட்டேன், காலைல பத்து நிமிஷம் சூடு பண்ணி எறக்குனா 3.2 லிட்டர் வந்துச்சு, இந்த தடவ தண்ணி பாட்டில்ல அளந்தேன். புது வாஷர், 2.4 ஊத்தி, ஃபேன் சுத்துன பின்னாடி ஆஃப் பண்ணி ஒரு நிமிஷம் போன்ல பாத்து டிப்ஸ்டிக் எடுத்தா ரெண்டு கோட்டுக்கும் நடுவுல. அவினாசி ரோட்ல ஒரு ரவுண்டு போயிட்டு வந்தேன், உதறல் இல்ல, சத்தமும் இல்ல. பழைய ஆயில ஒர்க்‌ஷாப் டிரம்ல ஊத்தியாச்சு. ஆனா மொத நாள் கசிஞ்சது வாசல்ல கோலம் போடுற எடத்துல கறையா நிக்குது, அம்மா கேட்டாங்க, பக்கத்து வீட்டு வண்டின்னு சொல்லிட்டேன். சிமெண்டு தரைல ஆயில் கறை எப்படி எடுக்கறதுங்கண்ணா?

பழைய கிரீஸ்:
மரத்தூள் இல்லனா கோலமாவே கொட்டி ஒரு ராத்திரி விடுங்க, உறிஞ்சுனத கூட்டி எடுத்துட்டு பாத்திரம் தேய்க்கிற சோப்பு போட்டு பிரஷ்ல தேய்ங்க. கொஞ்சம் நெழல் மாதிரி நிக்கத்தான் செய்யும். பக்கத்து வீட்டுக்காரர்கிட்டயும் ஒரு வார்த்த சொல்லி வெய்ங்க.