10 மீட்டர் ஏர் பிஸ்டல்: போட்டியில் எல்லா ஷாட்டும் கீழே போகிறது, அவசரம்

பல்லடம்தறி
வணக்கமுங்க. நேற்றுதான் முதல் போட்டி. வீட்டில் பத்து ஷாட்டுக்கு 85, 86 வரும். அங்கே 80-ஐத் தாண்டவே திணறிப்போனேன். எல்லாம் கீழே. வரும் ஞாயிறு இன்னொரு போட்டி. சீக்கிரம் சொல்லுங்க.

நொய்யல்கரை
நேர் கீழேயா, இடது கீழேயா? எந்தக் கை? பெல்லட் (ஈயக் குண்டு) மாற்றினீர்களா? வீட்டில் எத்தனை மீட்டர்? குறியை டார்கெட்டின் கருப்பு வட்டத்துக்கு நடுவில் பிடிக்கிறீர்களா, அடியிலா? இதெல்லாம் தெரிந்தால்தான் ஏதாவது சொல்ல முடியும்.

தோப்புவீடு
பிஸ்டலின் காற்றுச் சிலிண்டர்தாங்க. காற்று இறங்கினால் பெல்லட்டும் இறங்கும். எனக்குப் போன வருடம் இதே கதை. 200 பார் ஏற்றிக்கொண்டு போனீர்களா?

நொய்யல்கரை
காற்றைச் சீராக விடும் ரெகுலேட்டர் உள்ள பிஸ்டலில் அழுத்தம் கொஞ்சம் குறைந்தாலும் வேகம் அப்படியே இருக்கும். முதல் ஷாட்டிலிருந்தே கீழே என்றால் சிலிண்டர் இல்லைங்க.

சீனியர்ஷூட்டர்
தம்பி, பழக்கம் பத்தாமல் போட்டிக்குப் போனால் இப்படித்தான். மணிக்கட்டு தளர்கிறது, டிரிகரை வெடுக்கென்று பிடுங்குகிறீர்கள். பார்க்காமலே சொல்வேன். டிரிகர் எடை 500 கிராமுக்குக் குறையக் கூடாது என்பதாவது தெரியுமா? முதலில் விதிகளைப் படியுங்கள். அப்புறம் ஆறு மாதம் பெல்லட் போடாமல் வெறும் டிரிகர் பயிற்சி. அதற்குப் பிறகு போட்டியைப் பற்றி யோசிக்கலாம்.

ஓடிச்சுடு
75 நிமிடம் ஒரே இடத்தில் நின்று 60 ஷாட் சுடுவதைவிட பிராக்டிகல் ஷூட்டிங்தான் கைத்துப்பாக்கிக்கு உண்மையான சோதனை. ஓட வேண்டும், மறைப்புக்குப் பின்னால் குனிய வேண்டும், மேகசின் மாற்ற வேண்டும். வாங்கிய புள்ளியை நொடியால் வகுத்தால் வருவது ஹிட் ஃபேக்டர். 60 புள்ளியை 12 நொடியில் எடுத்தவருக்கு 5, அதே புள்ளிக்கு 15 நொடி எடுத்தவருக்கு 4. ஒரு ஷாட் தவறினால் 10 புள்ளி போய்விடும்.

காங்கயம்காளை
ஏனுங்க, அதற்குப் பெரும்பாலும் 9 மி.மீ. வேண்டும். நம் நாட்டில் அது தடை செய்த ரகம், சாதாரண உரிமத்தில் கிடைக்காது. பல்லடத்துப் பையன் எங்கே போவான்? 4.5 மி.மீ. ஏர் பிஸ்டலின் சக்தி 20 ஜூலுக்குள் இருந்தால் உரிமமே வேண்டாம். நின்று சுடுவது லேசும் இல்லை. 2024 பாரிஸில் மனு பாக்கர் வாங்கிய இரண்டு வெண்கலமும் இந்த 10 மீட்டரில்தான்.

ஓடிச்சுடு
லேசு என்று நான் சொல்லவே இல்லை. வேகமும் சேர்ந்தால்தான் முழுத் திறமை என்கிறேன்.

காங்கயம்காளை
நீட்டின ஒற்றைக் கை ஒரு மணி நேரம் கழித்தும் ஆடாமல் நிற்கிறதே, அதுவும் முழுத் திறமைதானுங்க.

பல்லடம்தறி
வேலைக்குப் போயிருந்தேன், மன்னிக்கவும். வலது கை. நேர் கீழே, கடிகாரத்தில் 6 இருக்கும் இடத்தில். அதே டப்பா பெல்லட். தறி ஷெட்டில் டேப் பிடித்து அளந்த 10 மீட்டர். கருப்புக்கு அடியில் துளி வெள்ளை விட்டுப் பிடிப்பேன். டார்கெட் ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்தது.

தோப்புவீடு
ஷெட் என்றால் வெளிச்சம்தான். மேலே டியூப்லைட் எரிந்தால் ஃப்ரன்ட் சைட் (குறி பார்க்கும் முன்முனை) வேறு மாதிரி தெரியும்.

நொய்யல்கரை
வெளிச்சம் இருக்கட்டும். தம்பி, அந்த பிரிண்டில் கருப்பு வட்டத்தின் குறுக்களவு எவ்வளவு? ஸ்கேல் வைத்துப் பார்த்துச் சொல்லுங்க.

பல்லடம்தறி
42 மி.மீ. காகிதம் மிச்சமாகட்டும் என்று ஒரே தாளில் இரண்டு டார்கெட் போட்டிருக்கிறோம்.

நொய்யல்கரை
அங்கேதான் இருக்கிறது. உண்மையான கருப்பு 59.5 மி.மீ. நீங்கள் பிடிப்பது கருப்பின் அடியை, நடுவை அல்ல. உங்கள் பிரிண்டில் நடுவிலிருந்து அடி வரை 21 மி.மீ. போட்டியில் 29.75. வீட்டுக்குச் சரியாக வைத்த சைட், போட்டியில் ஷாட்டை 8.75 மி.மீ. கீழே தள்ளும். ஒரு வளையத்துக்கும் அடுத்த வளையத்துக்கும் இடையே 8 மி.மீ.தான். அதாவது ஒவ்வொரு ஷாட்டிலும் ஒரு வளையத்துக்கு மேல் போகிறது. போட்டிக்கு முன் சுடும் சைட்டர் ஷாட்டிலேயே தெரிந்திருக்குமே, ரியர் சைட்டை (குறி பார்க்கும் பின்பகுதி) ஏன் ஏற்றவில்லை?

பல்லடம்தறி
பயம்தான் அண்ணா. போட்டி நேரத்தில் திருகினால் எல்லாம் கெட்டுவிடும் என்று தொடவில்லை.

நொய்யல்கரை
முதல் 15 நிமிடம் அதற்காகத்தான் தருகிறார்கள். எத்தனை ஷாட் வேண்டுமானாலும் போடலாம், கணக்கில் வராது. ஷாட் கீழே போனால் ரியர் சைட் மேலே. பயப்படாமல் சைட் திருகைக் கிளிக் கிளிக்காகத் திருகுங்கள். 17 செ.மீ. சதுரத்தில் வரும் அசல் டார்கெட் அட்டை வாங்குங்கள். இன்னொன்று: வீட்டில் வந்த 86 சுருங்கிய வளையத்தில் வந்தது. உங்கள் கை நீங்கள் நினைப்பதைவிட நல்ல கை.

சீனியர்ஷூட்டர்
பிரிண்ட் விஷயம் சரி, அதை நான் கேட்டிருக்க வேண்டும். ஆனாலும் டிரிகர் பயிற்சியை விடாதீர்கள் தம்பி.

பல்லடம்தறி
அசல் அட்டை கிடைத்தது. சைட்டை ஏற்றிவிட்டு இன்று காலை பத்துப் பத்து ஷாட்டாக மூன்று சீரிஸ்: 90, 89, 92. ரொம்ப நன்றிங்க அண்ணா. பஸ் வந்துவிட்டது.