சேசிஸ் நம்பர் பிளேட்டு இல்லாத வில்லிஸ் ஜீப்: வருடம் கண்டுபிடிக்க வழி சொல்லுங்கள்

வணக்கம், யாங்கூனிலிருந்து எழுதுகிறேன். மோல்மேன் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிடந்த உலகப் போர் ஜீப்பை மழைக்கு முன்பு வாங்கினேன். எந்த வருடத்து வண்டி என்றுதான் பிடிபடவில்லை.

சேசிஸின் முன் குறுக்குச் சட்டம் உருண்டைக் குழாய். ஆகவே வில்லிஸ் கம்பெனி செய்த எம்பி மாடல். அதே ஜீப்பை ஃபோர்டு கம்பெனி செய்த ஜிபிடபிள்யூ மாடல் என்றால் அந்தச் சட்டம் 'ப'வைக் கவிழ்த்த மாதிரி இருக்கும். ஆனால் எஞ்சின் நம்பர் ஜிபிடபிள்யூ என்று தொடங்குகிறது, சில போல்ட் தலைகளிலும் ஃபோர்டின் 'எஃப்' முத்திரை இருக்கிறது. ராணுவ ஒர்க்‌ஷாப்பிலேயே மாற்றி மாட்டியிருப்பார்கள், அது பரவாயில்லை. கிரில் ஒன்பது துளைத் தகடு, கம்பி கிரில் இல்லை. பின் பலகையில் வில்லிஸ் எழுத்தும் இல்லை. ஆகவே ஆரம்பகால வண்டி இல்லை என்பது மட்டும் தெரிகிறது.

இடது சேசிஸ் சட்டத்தின் உள்பக்கம், பம்பருக்குப் பின்னால், கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தேன். ரிவெட் ஓட்டைகள் மட்டும்தான், பிளேட்டைக் காணோம். டேஷ்போர்டுப் பெட்டி மூடியின் மூன்று தகடுகளும் போய்விட்டன. அந்த இடத்தில் யாரோ முருகன் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்கள், அதை உரிக்க மனசு வரவில்லை. மெக்கானிக் ஒருவர் 1943 என்கிறார், இன்னொருவர் 1945 என்கிறார். காரணம் கேட்டால் இருவரும் சிரிக்கிறார்கள்.

சேசிஸ் பிளேட்டு இல்லாத எம்பியில் வருடத்தைக் காட்டும் அடையாளம் வேறு எந்த இடத்தில் இருக்கும்?