மாரி தொடங்கினால் யாரெல்லாம் வீட்டுக்குள்ளே வருகிறார்கள்?

உப்புவெளி
முதல் பெரிய மழை விழுந்தால் எங்கள் வளவில் பொந்தெல்லாம் தண்ணீர். உள்ளே கிடந்தவை காய்ந்த இடம் தேடி வெளிக்கிடும். போன கிழமை எங்களுக்கு வாய்த்தது எட்டடி விரியன், கட்டுவிரியன் என்றும் சொல்வார்களே, அதுதான். அம்மா இரவு தண்ணீர் குடிக்க எழும்பிக் குசினி லைற்றைப் போட்டால், அரிசி வாளிக்குப் பக்கத்தில் கறுப்பு உடம்பும் மெல்லிய வெள்ளை வளையமுமாகக் கிடக்கிறது. வந்த வழி கிணற்றடிக் கதவு. அதன் அடியில் விரல் புகும் இடைவெளி.

தடி எடுக்கக் கிளம்பிய தம்பியை அம்மா விடவில்லை. பாம்பு பிடிக்கப் பழகிய பக்கத்து ஊர் அண்ணையைக் கூப்பிட்டோம். அவர் கையால் தொடவே இல்லை. ஒரு பிவிசி குழாயின் ஒரு வாயில் துணிப்பையை இறுக்கிக் கட்டி, மற்ற வாயைச் சுவரோரமாக வைத்தார். நீளக் கம்பியால் மெல்ல ஒதுக்கிவிட, இருட்டாக இருக்கிற குழாய்க்குள் அது தானாகவே போய்விட்டது. பார்த்துப் பழகலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம், அது அவருக்குக் கைவந்த வேலை.

இந்தப் பாம்பு இரவில்தான் திரியும். கடித்தால் பெரிதாக நோகாது, காயமும் சரியாகத் தெரியாது. தரையில் பாய் விரித்துப் படுப்பவர்கள்தான் கூடுதலாகக் கடிபடுகிறார்கள். விடியப்புறம் வயிற்றுவலி, கண்ணிமை தானாகச் சரிவது என்று வந்தால் ‘வாயு’ என்று கசாயம் காய்ச்சிக்கொண்டிருக்காமல் 1990 அம்புலன்ஸுக்கு அடித்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நுளம்பு வலையைப் பாய்க்கடியில் நன்றாகச் செருகிவிட்டுப் படுப்பது நுளம்புக்கும் நல்லது, பாம்புக்கும் நல்லது.

உள்ளித் தண்ணீர், மண்ணெண்ணெய் என்று ஆளாளுக்கு வைத்தியம் சொல்கிறார்கள். ஒரு மழைக்கு மணம் போய்விடும், ஓட்டை அப்படியே இருக்கும். உங்கள் வீட்டுக் கதை என்ன?

கோட்டையடி
எங்களுக்குப் பாம்பில்லை அக்கா, மான்! திருகோணமலைக் கோட்டைக்குள் மட்டும் நிற்கும் என்று வெளியூர்க்காரர் நினைக்கிறார்கள். கடற்கரையோரம், பஸ் ஸ்ராண்ட் பக்கம் எல்லாம் புள்ளிமான் மாடு மாதிரித் திரிகிறது. கேற் திறந்திருந்தால் முற்றத்துக்கு வந்துவிடும். அம்மம்மா ஆசையாக வைத்த செவ்வரத்தையை ஒரே இரவில் குச்சியாக்கிவிட்டுப் போனது. கோபம்தான், ஆனால் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட மிருகம், கை வைக்க முடியாது. வைக்கவும் மனம் வராது. வலை அடித்த கேற் போட்ட பிறகு செடி தப்பியது.

மரக்கறித் தோலைச் சொப்பிங் பையில் கட்டி வாசலில் வைக்கிறார்களே, அவர்களிடம்தான் எனக்குக் கோபம். மான் பையோடு சேர்த்தே விழுங்குகிறது.

ஆண்டாங்குளம்
மான் வந்தால் கும்பிட்டு வரவேற்பேன் தம்பி. எங்கள் ஊருக்கு வந்து குரங்கைப் பாருங்கள். செங்குரங்குக் கூட்டம் வந்தால் கூரை ஓடுகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்துவிட்டுத்தான் இறங்கும். அடுத்த மழைக்குக் கூரை ஒழுகும்போதுதான் எங்கே தூக்கியது என்று தெரியும். சீனவெடி போட்டேன், இரண்டொரு நாளில் பழகிவிட்டன. மாமரக் கிளை கூரையைத் தொடாமல் வெட்டி, குசினி யன்னலுக்குக் கம்பி வலை அடித்து, வாழைக்குலையை முற்றுமுன்னே வெட்டி உள்ளே வைக்கத் தொடங்கினேன். வருகிறதுதான், ஆனால் இருப்பதில்லை. பக்கத்து வீட்டுக்குப் போகிறது. அவர்கள் இதைப் படிக்கமாட்டார்கள் என்று நம்புகிறேன்.

பாலையூற்று
எலிக்கு நஞ்சு வைக்கிறவர்கள் ஒன்றை யோசியுங்கள். அது சீலிங்குக்குள் செத்தால் வீட்டில் இருக்க முடியாது. நஞ்சு தின்ற எலியைப் பூனை தின்றால் பூனையும் போகும். பெட்டிக்கூடு வைத்துக் கருவாட்டுத் தலையைக் கட்டினால் போதும். பைப் போகிற ஓட்டைகளில் கம்பி நாரைத் திணித்து மேலே சீமெந்து பூசுங்கள். வெறும் சீமெந்து என்றால் காயுமுன்பே எலி சுரண்டிவிடும். எலி குறைந்தால் பாம்புக்கும் உள்ளே வர வேலை குறைவு.

நிலாவெளி
அக்கா, கதவடியை எதால் அடைத்தீர்கள்? நாங்கள் சாக்கு வைக்கிறோம், காலையில் யாராவது காலால் தள்ளிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

உப்புவெளி
சாக்கு வேண்டாம் தங்கச்சி, அதற்குள்ளேயே தேளும் பூரானும் படுக்கும். ஹார்ட்வெயாரில் கதவடிக்கு அடிக்கிற ரப்பர் பட்டி இருக்கிறது, அலுமினியத்தோடு வரும். தரை மேடு பள்ளமாக இருந்தால் முதலில் வாசற்படியைச் சீமெந்தால் மட்டம் செய்யுங்கள். பிறகு இரவில் வீட்டு லைற்றெல்லாம் அணைத்துவிட்டு, வெளியே ஒருவர் கதவைச் சுற்றி ரோர்ச் அடிக்கட்டும். உள்ளே எங்கே வெளிச்சம் தெரிகிறதோ அங்கே இன்னும் வேலை இருக்கிறது.